திரும்பி வருகிறவனுக்கு ஒரு பூசை

ராணுவத்தில் பூசை செய்வதற்கென்று ஒரு உத்தியோகம் இருப்பது கேரளத்தில் எங்கள் அகளிப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. சம்பளம், சீருடை, ரேங்க் எல்லாம் உண்டு. நாயப் சுபேதாராகச் சேர்க்கிறார்கள். காகிதத்தில் பெயர் ‘மத ஆசிரியர்’. ஜவான்களுக்கு நான் பண்டிட்ஜி, தமிழ்ப் பையன்களுக்கு மட்டும் சாமி. பட்டாம்பி சமஸ்கிருதக் கல்லூரியில் படித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற காலத்தில் இந்த வேலைக்கு விளம்பரம் வந்தது.

பயிற்சி புனேயில், தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில். இந்துப் பண்டிதர், சீக்கிய கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்த பிக்கு எல்லோரும் அங்கே சேர்ந்து பயில்வோம். காலையில் ஒன்றாகப் பி.டி., மாலையில் அவரவர் வழிபாடு. எங்கள் கடமைப் பட்டியலில் பூசை ஒரு பகுதிதான். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, இறந்தவர்களுக்குக் காரியம் செய்வது, தண்டனையில் இருக்கும் ஜவானைச் சந்திப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று நீளும். பிறகு என்னை ஒரு பாரா ஸ்பெஷல் ஃபோர்சஸ் பட்டாலியனுக்கு அனுப்பினார்கள். என் உத்தியோகத்தின் பெரும்பகுதி அந்தப் பையன்களோடு கழிந்தது. அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படைக்குத் தானாக முன்வந்தவர்களைத்தான் எடுப்பார்கள். ப்ரொபேஷன் என்ற பெயரில் உடம்பையும் மனத்தையும் பிழிந்து, பாதிக்கு மேல் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மிஞ்சியவர்கள் மெரூன் தொப்பியும், கத்தியின் குறுக்கே ‘பலிதான்’ என்று பொறித்த பேட்ஜும் அணிவார்கள். அவர்களுக்குப் பயமே கிடையாது, சாமி பூதமெல்லாம் ஒரு பொருட்டில்லை என்று ஊரில் நினைக்கிறார்கள். சினிமா அப்படிக் காட்டுகிறது. நான் பார்த்தவரை மற்ற எந்த யூனிட்டை விடவும் அவர்களுக்குத்தான் பக்தி அதிகம். கிளம்புவதற்கு முன் கிட்டைப் பரப்பிச் சரிபார்ப்பார்கள். மேகசின், கிரனேட், மார்ஃபின் ஊசி, உலர்ந்த பழம் இவற்றோடு பிளாஸ்டிக்கில் ஒட்டிய ஹனுமான் சாலீசா இருக்கும், ஒரு தாயத்து இருக்கும், கிறிஸ்தவப் பையனிடம் உத்தரியம் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் மருதமலை விபூதியை மாத்திரை அட்டையின் காலிக் குழிகளில் அடைத்து, மேலே மருத்துவ டேப் ஒட்டி வைத்திருந்தான். ஆற்றைக் கடந்தாலும் நனையாது என்றான்.

ஆபரேஷனுக்குப் போகிற டீம் பெரும்பாலும் இருட்டிய பிறகு மந்திருக்கு வரும். மந்திர் என்றால் கோபுரம் வைத்த கோயில் இல்லை. தகரக் கொட்டகையில் ஒரு பக்கம் சிவனும் துர்க்கையும், இன்னொரு பக்கம் குருநானக் படம், மெக்காவின் படம், மாதா. சர்வ தர்ம ஸ்தலம் என்று பலகை தொங்கும். யார் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. நான் ஆரத்தி காட்டி, கையில் சிவப்பு நூல் கட்டி, நெற்றியில் பொட்டு வைப்பேன். டீம் கமாண்டரும் பையன்களோடு தரையில்தான் உட்காருவார்.

அந்த நேரத்தில் என்ன வேண்டிக்கொள்வார்கள்? சத்தமாகக் கோஷம் போடுவதுண்டு, அது ரத்தத்தைச் சூடேற்ற. அது முடிந்து நூல் கட்டும்போது ஒவ்வொருவனும் குனிந்து மெதுவாக ஒன்று சொல்வான். ஜெயிக்க வேண்டும் என்று எவனும் என்னிடம் சொன்னதில்லை. ரேடியோ செட் நிற்காமல் பேச வேண்டும், நாய் குரைக்கக் கூடாது, பக்கத்தில் வருகிறவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. திரும்பத் திரும்ப வருவது இன்னொன்று: நாங்கள் கதவைத் தட்டும் வீட்டில் குழந்தைகள் இருக்கக் கூடாது, பண்டிட்ஜி. சில ராத்திரிகளில், அந்த ஆள் இன்றைக்கு அங்கே இல்லாமலே போகட்டும், வெறுங்கையோடு திரும்பி வந்தாலும் பரவாயில்லை என்றும் ஒருவன் சொல்வான். இப்படிச் சொல்கிறவன் சண்டையில் பின்வாங்குகிறவன் இல்லை. கதவை முதலில் உடைத்துக்கொண்டு உள்ளே போகிறவனே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சமாதானம் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களைவிட அதற்காக அதிகம் ஏங்குகிறவன் அவன்தான். சமாதானம் இல்லாவிட்டால் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியவன் அவன் அல்லவா.

பீரங்கிக்காரர் பல மைலுக்கு அப்பால் சுடுகிறார். குண்டு எங்கே விழுந்தது என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி. ஸ்பெஷல் ஃபோர்சஸ் பையனுக்கு எதிராளியின் முகம் தெரிகிறது, மூச்சுச் சத்தம் கேட்கிறது. 2020 ஏப்ரலில் காஷ்மீரின் கேரன் பகுதியில் பனிக்குள் நடந்த சண்டையை நினைத்துப் பாருங்கள். 4 பாரா எஸ்.எஃப்-ஐச் சேர்ந்த 5 பேரும் ஊடுருவி வந்த 5 பேரும் இறந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நடந்த சண்டை அது. அப்படி ஒரு இடத்திலிருந்து உயிரோடு திரும்புகிறவனுக்கு, அந்த முகத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரிவதில்லை.

என் வேலையின் நிஜமான பகுதி அங்கேதான் ஆரம்பித்தது. அனுப்பி வைக்க ராணுவத்தில் எல்லாம் இருக்கிறது. வேதநூலைத் தொட்டுச் சத்தியம் செய்யும் கசம் பரேட், யூனிட்டின் போர் முழக்கம், ஆரத்தி. மதராஸ் ரெஜிமென்டின் ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’ நம் தமிழிலேயே இருக்கிறது. திரும்பி வந்தவனுக்கு? குளியல், சூடான டீ, ரிப்போர்ட், ஆயுதம் துடைத்தல், தூக்கம். இறந்து வந்தவனுக்கு மரியாதை குறைவில்லாமல் நடக்கும். உயிரோடு வந்தவனுக்கு ஒரு சடங்கும் இல்லை.

மருதமலை விபூதிக்காரன் ஒருநாள் விடியற்காலையில் வந்தான். முந்தின ராத்திரி ஆபரேஷன் முடிந்து வந்தவன். குளித்திருந்தான். கொட்டகைக்கு உள்ளே வராமல் வாசற்படியில் நின்றான்.

“சாமி, ஒன்னு கேக்கோணுமுங்க.”

“உள்ள வாப்பா.”

“இல்லீங்க, இங்கயே இருக்கறனுங்க. நேத்து அந்த ஆளுக்கு... எள்ளுத் தண்ணி விடலாமுங்களா?”

எந்த ஆளுக்கு என்று நான் கேட்கவில்லை. அவன் சுட்ட ஆளுக்கு. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, இவன் மதமும் இல்லை. வயசு இருபதுக்குள்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னான். சுட்டது சரியா தப்பா என்று அவன் கேட்கவில்லை. சுடாவிட்டால் அவனுடைய பார்ட்னர் செத்திருப்பான், அதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. அவன் கேட்டதெல்லாம் ஒரு கை தண்ணீர்.

சாத்திரத்தில் இடமிருக்கிறது. தர்ப்பணத்தின் முடிவில் உறவில்லாதவர்களுக்கும், வேறு பிறவியில் உறவாயிருந்தவர்களுக்கும், நீர் விட ஆளில்லாத எல்லோருக்கும் சேர்த்து ஒரு மந்திரம் வருகிறது. பிள்ளையில்லாத பீஷ்மருக்கு யார் வேண்டுமானாலும் நீர் விடலாம் என்று பீஷ்மாஷ்டமி அன்று ஊரே விடுகிறது. ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். தை மாதக் குளிர். அவன் மடித்துக் கட்டிய பேண்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். எள்ளை மெஸ்ஸில் வாங்கினோம், தர்ப்பைக்கு ஏதோ ஒரு புல். மந்திரத்தை நான் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான். முடிந்ததும், “அவங்கம்மாவுக்குத் தெரியாதுங்களே சாமி” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு மத்தியானம் அவன் சாப்பிட்டான் என்று சமையலறைப் பொறுப்பிலிருந்த லங்கர்க் கமாண்டர் வந்து சொன்னார். திரும்பி வந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு நான் மகாபாரதத்தைப் படிக்கும் விதமே மாறிப்போயிற்று. ராணுவத்தில் பண்டிதர்கள் கீதையைத்தான் சொல்வோம். தயங்கி நின்ற அர்ச்சுனனை எழுப்பி நிறுத்திய நூல் என்பதால் அது வசதி. ஆனால் பதினெட்டுப் பர்வங்களில் மிக நீளமானது சாந்தி பர்வம், போர் முடிந்த பிறகு வருவது. ஜெயித்த தருமன் அரியணை வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்று அழுகிறான். பாண்டவர்கள் நேராக நகரத்துக்குள் போவதில்லை. கங்கைக்கரையில், ஊருக்கு வெளியே ஒரு மாதம் தங்குகிறார்கள். இறந்தவர்களுக்கு நீர் விடும்போதுதான் குந்தி வாயைத் திறந்து, கர்ணனுக்கும் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்கிறாள். எதிரணியில் நின்று தங்கள் கையால் செத்தவனுக்கு அவர்கள் நீர் விட்டார்கள். பொள்ளாச்சிப் பையன் மகாபாரதம் படித்தவனில்லை. அவனுக்குத் தானாகத் தோன்றியதைத்தான் வியாசர் எழுதி வைத்திருக்கிறார்.

இதை மற்ற மதத்துச் சகாக்களிடம் சொன்னபோது ஒவ்வொருவரும் தங்கள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார்கள். பாதிரியார் எண்ணாகமம் 31-ஆம் அதிகாரத்தைக் காட்டினார்: கொன்றவன் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தங்கி, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தன்னைச் சுத்திகரிக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மன்கள் ஜெயித்தார்கள். போப்பின் ஆசியோடு போனவர்கள். அப்படியும் அவர்களுடைய பிஷப்புகள் சில ஆண்டுகளில் ஒரு விதி போட்டார்கள்: கொன்றதாகத் தெரிந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஓராண்டு தவம், அடித்த ஆள் செத்தானா பிழைத்தானா தெரியாவிட்டால் ஆளுக்கு 40 நாள். தோற்றவர்களுக்கு இல்லை, வெற்றி பெற்றவர்களுக்கு. தண்டனை என்று அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாளோடு போனவனை மறுபடி கோயிலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் அழைத்து வரப் போட்ட பாதை அது.

கிரந்தி பாய் கன்னையாவின் கதையைச் சொன்னார். ஆனந்த்பூர் சண்டையில் காயம்பட்ட மொகலாய வீரர்களுக்கும் தண்ணீர் கொடுத்தார் என்று அவரைப் பிடித்துக் குரு கோவிந்த் சிங் முன்னால் நிறுத்தினார்கள். எனக்கு எல்லா முகத்திலும் உங்கள் முகம்தான் தெரிகிறது என்று அவர் சொல்ல, குரு மருந்தையும் கையில் கொடுத்து, இதையும் போட்டுவிடு என்றாராம். மௌல்வி அதிகம் பேசாதவர். கார்கிலை நினைவூட்டினார். 1999-இல் மலைமேல் விட்டுச் செல்லப்பட்ட பாகிஸ்தான் வீரர்களின் உடல்களை நம் ராணுவம் அடக்கம் செய்தது. அவர்கள் நாட்டுக் கொடியைப் போர்த்தி, மௌல்விகளை வைத்து ஜனாஸா தொழுகை நடத்திப் புதைத்தார்கள். எங்கள் உத்தியோகத்தில் யாருக்காவது பெருமைப்பட உரிமை உண்டென்றால் அந்த மௌல்விகளுக்குத்தான்.

சியாச்சினில் ஓ.பி. பாபா என்று ஒரு சன்னிதி இருக்கிறது. அங்கே இறந்த ஓம் பிரகாஷ் என்ற வீரர் பனியில் நிற்பவர்களைக் காக்கிறார் என்று நம்பிக்கை. மேலே ஏறுகிற டீம் அவர் முன் அணிவகுத்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் போகும். இறங்கி வந்ததும் மறுபடி போய், திரும்பி வந்துவிட்டோம் என்று ரிப்போர்ட் கொடுக்கும். படித்தவர்கள் சிலர் இதை மூடநம்பிக்கை என்கிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது ரிப்போர்ட் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வந்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்னால்தான் வந்த மாதிரி.

எங்கள் பட்டாலியனில் அப்போதிருந்த கமாண்டிங் ஆபீசரிடம் இதை எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், குறுக்குக் கேள்வி போடவில்லை. சண்டை நடந்த ஆபரேஷனிலிருந்து வந்தவனை அடுத்த நாளே லீவில் அனுப்பக் கூடாது, முழு டீமும் சில நாள் பேஸில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆக்கினார். போனபோது வந்த அதே மந்திருக்கு, அதே ஆட்கள், அதே வரிசையில் வர வேண்டும். நான் கட்டிய நூலை நானே அவிழ்ப்பேன். அவிழ்க்கும்போது சொல்ல நினைப்பதைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். டாக்டரிடம் போக வேண்டியவனை அங்கேதான் கண்டுபிடித்தோம். நூலை அவிழ்க்க விடாதவன், கை நடுங்குகிறவன், சிரித்துக்கொண்டே இருக்கிறவன். மனநல மருத்துவரிடம் போக இவர்களுக்கு வெட்கம், பேட்ஜ் போய்விடும் என்று பயம். பண்டிட்ஜி கூட வருகிறார் என்றால் போவார்கள். மருந்து கொடுக்கிற வேலை என்னுடையது இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை கூட நடப்பது என்னுடையது.

போரிலிருந்து திரும்பி வந்தவனை ஏற்றுக்கொள்வதற்கு நம் பெரியபுராணத்தில் ஒரு சான்று உண்டு. வாதாபியைத் துகளாக்கிய பல்லவ சேனாபதி பரஞ்சோதிதான் பின்னால் சிறுத்தொண்ட நாயனார் ஆனவர். பிள்ளைக்கறிக் கதையால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு இடம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. வெற்றியோடு வந்தவர் சிவனடியார் என்று அமைச்சர்கள் சொன்னதும் அரசன் நடுங்கிப் போகிறான். தெரியாமல் இவரைப் போருக்கு அனுப்பிவிட்டேனே என்று அவரிடம் மன்னிப்புக் கேட்கிறான். பொருள் கொடுத்து, இனி உமக்குப் படைத்தொழில் வேண்டாம் என்று திருச்செங்காட்டங்குடிக்கு அனுப்பி வைக்கிறான். போய் வந்தவன் தலையிலேயே முழுப் பாரத்தையும் வைக்காமல், அனுப்பியவன் தன் பங்கைத் தானே வந்து ஏற்றுக்கொண்டான். இன்றைக்கு நம் பையன்களை அனுப்புகிறவர்கள் யார்? ஓட்டுப் போடுகிற நாமெல்லாரும்தான்.

ஓய்வு பெற்று அகளிக்கு வந்தேன். பவானிக்கரையில் கொஞ்சம் வாழையும் பாக்கும். 2019 அக்டோபர் 28, 29 தேதிகளில் எங்களுக்கு அருகிலேயே மஞ்சக்கண்டிக் காட்டில் துப்பாக்கி வெடித்தது. கேரள போலீசின் தண்டர்போல்ட் கமாண்டோக்கள் சுட்டதில் நான்கு மாவோயிஸ்டுகள் இறந்தார்கள். சேலத்து மணிவாசகம் அவர்களில் ஒருவர். அது மோதல்தானா என்று கேரளம் முழுக்கக் கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான். இறந்தவர்களுக்காக அவர்கள் சொந்தங்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சுட்ட பையன்களைப் பற்றி யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. அவர்களும் இருபதுகளில் இருப்பவர்கள். எங்களுடையதைப் போன்ற பணியிடத்தைப் போலீஸ் படைகளில் நான் பார்த்ததே இல்லை.

கூளிக்கடவு டீக்கடையில் பிறகு ஒருநாள், லீவில் இருந்த ஒரு கமாண்டோப் பையனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு நம் ஆட்கள் கேட்டார்கள்: “எத்தன பேரப்பா போட்டே?” அவன் எந்த ஆபரேஷனில் இருந்தவன், இருந்தானா என்பதுகூட எனக்குத் தெரியாது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். பின்னால் போனேன். நான் யார் என்று சொன்னதும் அவன் கேட்டது, மல்லீஸ்வரன் முடிக்கு எல்லோரும் ஏறலாமா என்று. சிவராத்திரிக்கு அந்த உச்சியில் விளக்கேற்றுவது ஆதிவாசிகளின் உரிமை. விரதம் இருந்து அவர்கள்தான் ஏறுவார்கள். நீ கீழே செம்மண்ணூர்க் கோயிலில் உட்கார்ந்து, மேலே விளக்குத் தெரிகிற வரை காத்திரு என்றேன். ஆதிவாசி ஊர்த் தலைவரான மூப்பன் ஒருவரையும் அறிமுகப்படுத்தினேன். அவரிடம் அவன் என்ன பேசினான் என்று நான் விசாரிக்கவில்லை.

எத்தனை பேரைப் போட்டாய் என்ற கேள்வியை மட்டும் நம் ஊர்களில் கேட்காமல் இருந்தால் போதும். யாழ்ப்பாணத்தில் 1987-இல் அமைதிப்படையில் இருந்த ஒரு ஹவில்தார், கோவைக்காரர், என்னிடம் முப்பது வருஷம் கழித்துத்தான் வாய் திறந்தார். அமைதிப்படை என்று பெயர் வைத்து அனுப்பி, சுமார் 1,200 இந்திய வீரர்களைப் பறிகொடுத்த படை அது. அங்கே இறந்துபோன ஊர்ச்சனங்களின் கணக்கு தனி. எதிரே இருட்டில் அடிபட்டுக் கிடந்தவன் தமிழில் முனகியதைக் கேட்டவர் அவர். எல்லோரும் இந்தியில் கத்திக்கொண்டிருந்த இடத்தில் அவருக்கு மட்டும் அது புரிந்தது. தண்ணி கேட்டானுங்க என்றார். கொடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை. ஊருக்கு வந்தபோது இவரை வரவேற்கவும் ஆளில்லை, இவரிடம் விசாரிக்கவும் ஆளில்லை. தமிழர்களோடு சண்டை போட்டவன் என்று சொந்தத் தெருவிலேயே பேச்சு.

ஆடி அமாவாசைக்கு, மலையாளத்தில் கர்க்கிடக வாவு, பவானிக்கரைக்கு இப்போது சில முன்னாள் ராணுவத்தினர் வருகிறார்கள். கோயம்புத்தூர், மண்ணார்க்காடு, பொள்ளாச்சியிலிருந்து. அப்பா அம்மாவுக்கு விட்டுவிட்டு, கடைசி மந்திரத்துக்காகத் தனியாகக் காத்திருப்பார்கள். அந்த ஹவில்தாரும் வருகிறார். இந்த முறை அவரோடு இன்ஃபன்ட்ரியில் இருந்த ஒரு கிறிஸ்தவரும் வருவதாகப் போன் செய்தார். அவர் ஆற்றில் இறங்க வேண்டியதில்லை, கரையில் எங்களோடு உட்கார்ந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குப் பெயர் தெரியாத ஒருவருக்காக மறுநாள் காலைப் பூசையில் ஜெபிக்க வேண்டும் என்று இங்குள்ள பாதிரியாரிடமும் பேசி வைத்தாயிற்று. எள்ளும் தர்ப்பையும் நான் வாங்கிவிடுவேன். வருகிறவர்கள் ஆனைக்கட்டி முதல் பஸ்ஸைப் பிடித்தால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.